முந்நூறும் ஆறரையும்

ஒரு மனிதன் எப்பேர்ப்பட்டவன் என்பதை அவன் தேர்ந்தெடுக்கும் துப்பாக்கிக் குழலின் விட்டமே சொல்லிவிடும். வரலாறு இதற்குச் சாட்சி. பல் டாக்டரின் இந்தக் கொள்கையைப் பல வருஷங்களாக யாரும் மறுத்ததில்லை. அவர் இதைச் சொல்லும்போது கேட்பவர் நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருப்பார். வாய்க்குள் டாக்டரின் இரண்டு விரல்களும், ஒரு சின்னக் கண்ணாடியும், எச்சில் உறிஞ்சும் குழாயும் இருக்கும். அந்த நிலையில் மனிதனால் "ஆ" என்றுதான் சொல்ல முடியும். டாக்டர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டார்.

வாயை மூடியிருப்பவர்களிடம் சொன்னால்தான் சிக்கல். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு வெளியே, குன்றை ஒட்டியிருந்த துப்பாக்கி சுடும் கிளப்பில் இருந்தார்கள். ஞாயிறுதோறும் தரையில் குப்புறப் படுத்து, ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் நிற்கும் ஆள் உயரப் பலகையின் நடுவட்டத்தில் ஓட்டை போடப் பார்ப்பது அவர்கள் பொழுதுபோக்கு. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பலகை தீக்குச்சித் தலை மாதிரிதான் தெரியும். போகிற வழியில் காற்று வேறு குண்டைப் பக்கவாட்டில் தள்ளும். அதனால் எந்த விட்டம் நல்லது, எவ்வளவு கனமான குண்டு நல்லது என்ற பேச்சு அங்கே ஓய்வதே இல்லை. சுடுகிற நேரத்தைவிட இதைப் பேசுகிற நேரம் அதிகம். சுட்டால் மார்க் தெரிந்துவிடுகிறதே.

டாக்டர் முந்நூறு கட்சி. முந்நூறு மேக்னம் என்பது விரல் நீளத்துக்குமேல் இருக்கும் தோட்டா. கனமான குண்டு, அதன் பின்னால் குவியலாக மருந்து. காற்று அதை லேசில் அசைக்காது. கிளப்பில் பாதிப் பேர் ஆறரை மில்லிமீட்டர் கட்சி. மிச்சம் இருந்தவர்கள் முந்நூற்றெட்டு என்ற பழைய ரகத்தை வைத்திருந்தார்கள். டாக்டர் ஒரு நாள் கிளப் கூடத்தில் படம் காட்டி, லேசர் புள்ளியை ஆட்டி, 'கனமே வெல்லும்' என்ற தலைப்பில் சொற்பொழிவாற்றினார். அதில் ஆறரையை 'கொசு' என்றார். முந்நூற்றெட்டை 'மாட்டுவண்டி' என்றார். காற்றுக் கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது. அவர் கணக்கில் ஒருபோதும் தப்பு வராது; துப்பாக்கியை எடுத்த பிறகுதான் வரும்.

"எனக்கு ஒண்ணு புரியலைங்க," என்றாள் அவர் மனைவி, அன்று வீட்டுக்குப் போகும் வழியில். கிளினிக்கின் முன் மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பது அவள்தான். "முந்நூத்தியெட்டை விட முந்நூறு எப்படிப் பெருசாகும்?"

"ரெண்டோட குண்டும் ஒரே அகலந்தான். ஏழரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆனா முந்நூறுல மருந்து ஜாஸ்தி."

"அப்ப பேர் வெச்சவருக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்லுங்க."

"அது அப்படி இல்ல…"

"அதுவும் ஏழரையாம். தானா வர்ற ஏழரையே போதாதா, லைசென்ஸ் எடுத்து வேற கூட்டிட்டு வரணுமா?"

பெரிய கொள்கைகளை வீட்டில் மதிப்பதில்லை என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு.

இதெல்லாம் விளையாட்டுப் பேச்சாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் கிளப் அணியில் ஓர் இடம் காலியானது. அணிக்கு நாலு பேர். மூன்று பேர் அசைக்க முடியாதவர்கள்; நாலாமவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். டாக்டர் ஐந்து வருஷமாக 'ரிசர்வ்'. ரிசர்வ் என்பது கேட்க நன்றாக இருக்கும். வேலை என்னவென்றால், சுடுகிறவர்களுக்கு வெயில் படாமல் குடை பிடிப்பது, ஐஸ் பெட்டியைத் தூக்குவது, குழுப் படம் எடுப்பது. அணியின் எல்லாக் குழுப் படங்களையும் எடுத்தவர் டாக்டர் என்பதால் எதிலும் அவர் இல்லை.

அந்த நாலாவது இடத்துக்கு இன்னொருவரும் நின்றார். அவர் வக்கீல். டாக்டரைவிடப் பதினைந்து வயது இளையவர், கதவளவு தோள். வக்கீல் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் வாய்தா வாங்கியே இருபது வருஷம் தள்ளுவார் என்று ஊருக்கே தெரியும். ஆகவே இந்த முறை இல்லையென்றால் டாக்டருக்கு ஆயுசு முழுக்கக் குடைதான்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய மார்க் இறங்க ஆரம்பித்தது.

முந்நூறை வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டாக்டர் முதலில் தோட்டாவைக் குறை சொன்னார். பிறகு தொலைநோக்கியை. ஒரு ஞாயிறு, பூமி சுற்றுவதால் குண்டு விலகுகிறது என்று விளக்கினார். மறு ஞாயிறு பூமி ஒழுங்காகச் சுற்றியது. மார்க் இன்னும் குறைந்தது.

ஒரு நாள் அவர் சட்டை மாற்றும்போது மனைவி பார்த்துவிட்டாள். வலது தோளில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பெரிய வட்டம்.

"இது என்னங்க?"

"ஒருக்களிச்சுப் படுத்தேன். அழுந்தியிருக்கும்."

"எது மேல படுத்தீங்க, படிக்கட்டு மேலயா?"

அவள் பழைய சோபா மெத்தையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அவர் சுடும்போது போடும் கோட்டின் வலது தோளுக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு டாக்டர் ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தாழ்ந்து வந்து இறங்கினார்.

"என்ன டாக்டரே, பதவி உயர்வு ஒரு பக்கத்துக்கு மட்டுந்தானா?" என்றார் வக்கீல்.

அதற்கடுத்த ஞாயிறுக்குள் மனைவி இடது தோளுக்கும் ஒன்று வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் ஒருவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டாக்டருடைய மனைவியின் அண்ணன், டாக்டருக்கு மச்சான். விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர். ஒரு நசுங்கல் மோதியதால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. அணியில் இரண்டாவது ஆளும் அவர்தான், சுடுவது ஆறரையில். டாக்டர் மேடையிலிருந்து ஆறரையைக் கொசு என்றபோது கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"மாப்பிள்ளை, புதன்கிழமை மத்தியானம் க்ளினிக் லீவுதானே? ரேஞ்சுக்கு வாங்க. நான் தோட்டா போட்டுக் குடுக்கறேன், நீங்க பலகையை மட்டும் பாருங்க."

"ஏன் மச்சான், எனக்குப் போடத் தெரியாதா?"

"தெரியாம என்ன. உங்க மாதிரி ஆளுக்கு ஒரு அசிஸ்டென்ட் இருந்தா நல்லாருக்குமேன்னு பார்த்தேன்."

இதில் தவறாக எதுவும் டாக்டருக்குப் படவில்லை.

புதன்கிழமை ரேஞ்சில் வேறு யாரும் இல்லை. பலகையைக் கிட்டத்தில், நூறு கெஜத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். மனைவி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காதடைப்பானை மாட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தாள். டாக்டர் குப்புறப் படுத்தார். மச்சான் பக்கத்தில் மண்டியிட்டு, டாக்டர் பார்க்காதபடி ஒரு தோட்டாவை உள்ளே போட்டு மூடினார்.

முதல் தடவை வெடித்தது. குன்று எதிரொலித்தது. குண்டு வட்டத்துக்குக் கீழே எங்கேயோ போயிற்று.

இரண்டாவது தடவை 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் டாக்டர் வெடித்தார். கண்ணை இறுக்க மூடினார், பல்லைக் கடித்தார், தோளை முன்னால் தள்ளினார், "ஹக்" என்றார்; குழலின் முனை தரையைப் போய்க் குத்தியது. துப்பாக்கி செய்ய வேண்டிய வேலை அத்தனையையும் டாக்டரே செய்து முடித்தார்.

குன்றுகூட எதிரொலிக்கவில்லை.

"என்னங்க," என்றாள் மனைவி, "அது வெடிக்கவே இல்லையே."

டாக்டரின் காது மடல் சிவந்தது. பல்லாயிரம் பேரிடம் 'பயப்படாதீங்க, கண்ணைத் திறந்து வைங்க, ஒண்ணும் ஆகாது' என்று சொன்ன வாய் அது. இப்போது அது 'ஹக்' என்று சொல்லியிருந்தது.

மச்சான் எழுந்து நின்று, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்திலிருந்த காற்றுக் கொடிகளைப் பார்த்தார். "காத்து கொஞ்சம் திரும்பியிருக்கு போல," என்றார். காற்றே இல்லை. கொடிகள் ஈரத் துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் அவர் ரொம்ப நேரம், டாக்டரின் முகம் பழைய நிறத்துக்கு வரும்வரை, பார்த்துக்கொண்டே நின்றார். தன் வாழ்நாளில் ஒருவர் தனக்குச் செய்த பெரிய மரியாதை அந்த முதுகுதான் என்று டாக்டருக்குத் தோன்றியது. மேடையில் போட்ட மாலைகள்கூட அந்த அளவுக்கு வராது.

"மருந்தில்லாத டம்மியா போட்டீங்க மச்சான்?"

"ஒண்ணே ஒண்ணு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நல்லா சுட்டிருப்பீங்களே மாப்பிள்ளை." மச்சான் திரும்பி வந்து உட்கார்ந்தார். "இது உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான். போன வருஷம் என் கடைவாய்ப் பல்லை எடுத்தீங்களே. மூணு எண்ணுவேன், மூணுல இழுப்பேன்னீங்க. ரெண்டுலயே பல்லு தட்டுல விழுந்துடுச்சு."

"வலிச்சுதா?"

"வலிக்கல. கோபந்தான் வந்துச்சு. மரமரப்பு போறப்ப அதுவும் போயிடுச்சு."

டாக்டர் சிரித்தார். சிரிக்கும்போது தோள் வலித்தது.

"நீங்க சொன்ன கணக்கெல்லாம் சரிதான் மாப்பிள்ளை. முந்நூறை காத்து தள்றது கம்மி. ஆனா காத்து தள்றது குண்டு வெளிய வந்தப்புறம். அது உள்ள இருக்கும்போதே நீங்க தள்ளி விட்டுடறீங்க. பாவம், காத்துக்கு வேலையே வைக்கறதில்ல."

"எப்பலேர்ந்து இப்படி?"

"முந்நூறு வந்த நாள்லேர்ந்துதான்," என்றாள் மனைவி. "அதனாலதானே திங்கட்கிழமை பல்லு புடுங்கறதை எல்லாம் செவ்வாய்க்கு மாத்தி வெச்சிருக்கேன்."

டாக்டர் படுத்தபடியே தலையைத் திருப்பினார். "எதை?"

"ஞாயித்துக்கிழமை சுட்டுட்டு வந்தா மறுநாள் உங்க கை ஆடுது. திங்கட்கிழமைக்குச் சுத்தம் பண்றது, பல்செட்டு மாட்டிப் பார்க்கறது இந்த மாதிரிதான் குடுப்பேன்."

"யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க. டாக்டர் திங்கட்கிழமை ஆராய்ச்சி பண்றாருன்னு சொல்லியிருக்கேன்."

கொஞ்ச நாளாகவே நோயாளிகள் குரலைத் தாழ்த்தி, "ஆராய்ச்சி எப்படிப் போகுது டாக்டர்?" என்று கேட்டு வந்தார்கள். தன்னுடைய கனக் கொள்கை ஊருக்குள் பரவிவிட்டது என்று அவர் உள்ளூரப் பூரித்திருந்தார். சிலருக்குக் குண்டின் எடை முதற்கொண்டு விளக்கியும் இருந்தார்.

அவர் எழுந்து உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கை வாங்கி, மூடியில் காபியை ஊற்றி, முதலில் மனைவியிடம் நீட்டினார். கல்யாணமான புதிதில் செய்ததுதான். அவள் வாங்கிக்கொண்டாள், "என்னத்துக்கு இது?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம்வரை மச்சானுடைய ஆறரையில் சுட்டார். அது தோளை உதைப்பதில்லை, தட்டிக்கொடுப்பதோடு சரி. ஆனாலும் சூடு கண்ட பூனை அல்லவா. முதல் நாலைந்து தடவை கண் தானாக மூடிக்கொண்டது. மச்சான் உண்மையும் டம்மியுமாக மாற்றி மாற்றிப் போட்டார். எது எப்போது வரும் என்று தெரியாததால் பயப்படுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. வெயில் சாயும்போது டம்மி விழுந்தும் குழல் அசையாமல் நின்றது.

"துப்பாக்கியை மாத்திடுங்க மாப்பிள்ளை."

"அது சரி மச்சான். ஆனா நான் மேடையில பேசியிருக்கேனே."

"யாரு கேட்டா?" என்றாள் மனைவி. "எல்லாரும் பிஸ்கட் எப்ப வரும்னுதானே பார்த்துட்டிருந்தாங்க."

"கொசுன்னு வேற சொல்லிட்டேன்."

"கொசு ஒண்ணும் நினைச்சுக்காது," என்றார் மச்சான்.

அந்த வாரம் கிளப்பில் மச்சானே பேச்சை எடுத்தார். ஆறரையைப் பற்றி விஷயம் தெரிந்த ஒருவரின் கருத்து வேண்டும் என்றும், ஒரு சீசன் சுட்டுப் பார்த்துச் சொல்லும்படி மாப்பிள்ளையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதாகவும், அவர் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார். எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். பெரிய மனசு பண்ணியவர் எப்படி இருப்பாரோ அப்படி அவர் முகத்தை வைத்துக்கொண்டார். அதில் மட்டும் அவருக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

முந்நூறுக்கு உடனே ஆள் வந்தது. சொற்பொழிவை ஒரு சொல் விடாமல் கேட்ட ஒரே மனிதர் வக்கீல்தான் என்பது அப்போது தெரிந்தது.

"அதை எனக்குக் குடுத்துடுங்க டாக்டரே."

"வேண்டாம் வக்கீல் சார். ரொம்ப உதைக்கும்."

"உங்களுக்கு உதைக்கும். என் தோளைப் பாருங்க."

"தோளுக்கில்ல, கண்ணுக்கு. நம்மளை அறியாம மூடிக்கும். நான் பட்டுட்டேன், அதனால சொல்றேன்."

டாக்டர் மனதாரத்தான் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் எதிராளி ஒன்றை வேண்டாம் என்று மூன்று முறை சொன்னால் சாரம் முழுக்க அதில்தான் இருக்கிறது என்பது வக்கீல் தொழிலின் அரிச்சுவடி. கிளப் மூலமாகத் துப்பாக்கி முறைப்படி வக்கீல் பெயருக்கு மாறியது. டாக்டரின் சோபாப் பஞ்சு வைத்த கோட்டை மட்டும் வக்கீல் கேட்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. கிளப் செயலாளர் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் அவர் கழுத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. அவர் விதியைச் சொன்னார்: இருவரும் ஒரே நேரத்தில், அவரவர் பலகையில் சுட வேண்டும். கிளப் வைத்திருக்கும் எல்லை மார்க்கைத் தொட்டவர்களில் கூடுதல் எடுத்தவருக்கு இடம். இருவருமே தொடவில்லை என்றால் பக்கத்து ஊர் கிளப்பிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வோம். டாக்டருக்கு மூன்றாம் பலகை, வக்கீலுக்கு நாலாம் பலகை.

பலகைகளுக்கு அடியில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே ஒருவர் பத்திரமாக நின்று, ஒவ்வொரு வெடிக்கும் பலகையைக் கீழே இறக்கி, ஓட்டையைப் பார்த்து, முந்தின ஓட்டையைத் தாளால் ஒட்டி, அடையாளம் குத்தி, மேலே ஏற்றுவார். மார்க்கை வயர்லெஸ்ஸில் சொல்லுவார். அன்று பள்ளத்தில் மச்சான். அணிக்காரர்களில் ஒருவர் அதைச் செய்வது கிளப் வழக்கம்.

டாக்டர் ஆரம்பத்தில் சொதப்பினார். கண் மூடவில்லை, தோள் தள்ளவில்லை, ஆனால் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடது பக்கம் போய் ஆறிலும் ஏழிலும் விழுந்தன. காரணம் கண்டுபிடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. காற்றுக்கு இவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அவர் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு முந்நூறுடையது. ஆறரையை அதே காற்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். இதைத்தான் அவர் மேடையில் லேசர் புள்ளி வைத்து அரைமணி நேரம் விளக்கியிருந்தார். தன் சொற்பொழிவை ஒருவர் ஒழுங்காகக் கேட்டிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது என்று அவருக்குப் பட்டது. கணக்கை மாற்றினார். அதற்குப் பிறகு ஒன்பது, பத்து, பத்து என்று வர ஆரம்பித்தது.

பக்கத்தில் முந்நூறு இடி மாதிரி முழங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு விரற்கடை பின்னால் போனார். ஒவ்வொரு தடவையும் முன்னால் நகர்ந்து, துப்பாக்கியைத் தூக்கி வைத்து, தொலைநோக்கியில் பலகையைத் தேடிப் பிடித்தார். நல்ல தைரியசாலி, பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டார். கடிக்கிற சத்தம் டாக்டருக்குக் காதடைப்பானையும் தாண்டிக் கேட்டது. பல் விஷயத்தில் மட்டும் அவருக்குத் தொழில்காரர் காது.

கடைசி வெடி. வக்கீலுக்கு ஏழு எடுத்தாலே போதும், எல்லையைத் தாண்டிவிடுவார், இடம் அவருக்கு. டாக்டருக்கு எல்லையைத் தொடவே பத்து வேண்டும். பத்து எடுத்தாலும் வக்கீல் கோட்டைவிட்டால்தான் உண்டு. செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பின்னால் நாற்காலியில் மனைவி ஃபிளாஸ்க்கை மூடித் திருகினாள். அந்தத் திருகல் 'போதுங்க, வீட்டுக்குப் போலாம்' என்று சொல்வது போல இருந்தது.

டாக்டர் கொடியைப் பார்த்தார். மூச்சை விட்டார். மூன்று எண்ணுவோம், மூன்றில் அழுத்துவோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒன்று. இரண்டு. இரண்டிலேயே துப்பாக்கி வெடித்துவிட்டது. அதே நொடியில் பக்கத்தில் முந்நூறும் முழங்கியது.

மூன்றாம் பலகை இறங்கியது. நாலாம் பலகையும் இறங்கியது. இரண்டும் வழக்கத்தைவிட அதிக நேரம் கீழேயே இருந்தன.

"மூணாம் பலகையில ரெண்டு ஓட்டை," என்றது வயர்லெஸ். "ஒண்ணு நட்ட நடுவுல, பத்து. ஒண்ணு எட்டு. நாலாம் பலகையில புது ஓட்டை எதுவும் இல்ல."

வக்கீல் தலையைத் தூக்கினார். தொலைநோக்கிக்குள் பார்த்தால் எல்லாப் பலகையும் ஒரே மாதிரி இருக்கும். முந்நூறு உதைத்து நகர்த்திய இடத்தில் அவர் கடைசியாகத் தேடிப் பிடித்தது பக்கத்து வீட்டுப் பலகையை.

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, வகுப்பறைக் குரலில் படித்தார்: "ஒரே பலகையில் இரண்டு ஓட்டைகள் இருந்தால், பலகைக்கு உரியவருக்கு உயர்ந்த மதிப்பு சேரும். பிறர் பலகையில் சுட்டவருக்குப் பூஜ்யம்."

"ஆட்சேபணை," என்றார் வக்கீல். "அந்தப் பத்து என்னோடதா இருந்தா?"

"உங்களோடதா இருந்தாலும் அவருக்குத்தான். ஓட்டையோட அப்பா பேரை ரூல் கேக்கலை சார். யார் வீட்டுல பிறந்துச்சுன்னுதான் கேக்குது."

"என்னோடதுதான்," என்றார் டாக்டர். "அழுத்தும்போதே தெரிஞ்சுது."

"பள்ளத்துல இருக்கறவர் என்ன சொல்றாரு?" என்று வக்கீல் விடவில்லை.

வயர்லெஸ் கொஞ்ச நேரம் கரகரத்தது. "காத்து திரும்புது," என்றது மச்சானின் குரல். "அடுத்தவங்க சீக்கிரம் வந்தா தேவலை."

அன்று மாலை கிளப் கூடத்தில் டாக்டரைப் பேசச் சொன்னார்கள். அவர் எழுந்தபோது எல்லோரும் பிஸ்கட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் கனத்தைப் பற்றிப் பேசவில்லை. நன்றி சொன்னார். செயலாளருக்கு, கொடி நட்டவர்களுக்கு, ஐந்து வருஷம் தன் குடைக்கு அடியில் பொறுமையாகப் படுத்திருந்தவர்களுக்கு. திங்கட்கிழமைகளைத் தனக்காகக் காலி செய்து வைத்திருந்த மனைவிக்கு. இது யாருக்கும் புரியவில்லை, அவள் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் மச்சானுக்கு. "எனக்கு அவர் ஒரு நாள் முதுகைக் காட்டினாரு," என்றார். அதோடு உட்கார்ந்துகொண்டார். இதுவும் யாருக்கும் புரியவில்லை. மச்சான் ஜன்னலுக்கு வெளியே கொடிகளைத் தேடினார்.

அவர் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது. அதற்குத்தான் உண்மையாகவே கைதட்டினார்கள்.

புதிதாக அணிக்கு வருபவருக்கு அவருடைய கடைசிப் பலகையின் நடுத்தாளைக் கிழித்துக் கொடுப்பது கிளப்பின் வழக்கம். டாக்டர் அதைச் சுருட்டிக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். சட்டம் போட்டு, நாற்காலிக்கு நேர் எதிரே, வாயைப் பிளந்திருப்பவர்கள் பார்க்காமல் தப்பிக்க முடியாத இடத்தில் மாட்டுவதாக உத்தேசம். மாட்டுவதற்கு முன் தாளை மேஜையில் விரித்தார். முப்பது வருஷப் பழக்கம். ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் அளக்காமல் விட அவர் கை சம்மதிக்காது. ஈறின் ஆழம் பார்க்கும் மில்லிமீட்டர் கோடு போட்ட ஊசியை எடுத்து எட்டில் இருந்த ஓட்டையை அளந்தார். நடுவில் இருந்ததை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார்.

பிறகு மச்சானுக்குப் போன் போட்டார்.

"மச்சான், அன்னிக்குப் பள்ளத்துல ரெண்டு ஓட்டையையும் கிட்டக்கப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன் மாப்பிள்ளை. எது எதால வந்ததுன்னு பார்க்கறதுதானே நம்ம பொழைப்பு."

"சொல்லவே இல்லையே."

"ரூல் கேக்கலையே."

டாக்டர் ஊசியைத் துடைத்துத் தட்டில் வைத்தார்.

"அங்க காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டார் மச்சான்.

"நல்லா இருக்கு மச்சான்," என்றார் டாக்டர். "ரொம்ப நல்லா இருக்கு."

அடுத்த திங்கட்கிழமை வக்கீல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். தேர்வன்று பல்லைக் கடித்துச் சுட்டதில் கீழ்க் கடைவாய்ப் பல் நடுவில் பிளந்துவிட்டது. முன் மேஜையில் டாக்டரின் மனைவி அவரைச் செவ்வாய்க்கு மாற்றவில்லை. நேரே உள்ளே அனுப்பினாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, டாக்டர் குறடை எடுத்தார். கை ஆடவில்லை. வக்கீலின் பார்வை எதிரே சுவரில் தொங்கிய தாளில் போய் நின்றது. வேறு எங்கும் போக அதற்கு வழியில்லை.

"மூணு எண்ணுவேன் வக்கீல் சார், மூணுல இழுப்பேன். கண்ணைத் திறந்து வைங்க. ஒண்ணு. ரெண்டு."

பல் தட்டில் விழுந்தது. டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். விரல் இன்னும் வாய்க்குள்ளேயே இருந்தது.

"ரொம்ப நன்றி சார்," என்றார், மனதார.

"ஆ?" என்றார் வக்கீல்.

"வாயை மூடாதீங்க."

சட்டத்துக்குள் நடுவில் இருந்த ஓட்டையின் அகலம் ஏழரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.